பன்னிரண்டு வருஷத்து ரசீது

இந்த வீடு எங்களுக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், சர்க்கார் கொடுத்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது பொய் இல்லை. கிராண்டு என்று இங்கே எல்லாரும் சொல்கிற நிலப் பத்திரத்தில் துரையின் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது. ஆனால் சர்க்கார் கொடுப்பதற்கு முன்னால் நடந்தது பல வருஷத்துக் கதை. அதில் பாதிக்கு மேல் என் கெட்டிக்காரத்தனம். அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

நாங்கள் ஊரை விட்டுக் கப்பல் ஏறி வந்து, அப்போது பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே லயத்தில் இருந்தோம். நீளமாக ஒரே கூரை, அதன் கீழே வரிசையாக அறைகள், எங்களுக்கு அதில் ஒன்று. அறைகளுக்கு நடுவே அடித்த பலகை கூரை வரைக்கும் போகாது. பக்கத்து அறையில் மிளகாய் தாளித்தால் எங்கள் அறையில் தும்முவோம். என் வீட்டுக்காரருக்கு இஞ்சின் கொட்டகையில் இஞ்சின் துடைக்கிற வேலை. வெள்ளைக்காரர் நாட்டுப் பெரிய சண்டை முடிந்த வருஷம் விஷக் காய்ச்சல் வந்தது. லயத்தில் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். எங்கள் வலது பக்கத்து அறையில் இரண்டு பேர் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். என் கையில் எட்டு மாதப் பெண் குழந்தை. இனி இந்தக் கூரையின் கீழே ஒரு நாள்கூடப் படுக்கமாட்டேன் என்று பாயைச் சுருட்டி வாசலில் வைத்துவிட்டேன். எங்கே போவது என்று அவர் கேட்டார். செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறதே என்றேன்.

பூட்டிக் கிடந்தது என்று சொன்னது மரியாதைக்கு. பூட்டும் இல்லை, கதவும் இல்லை. கதவை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். முழங்கால் உயரத்துக்குச் செங்கல், அதற்கு மேலே பலகை, கூரைக்கு அத்தாப்பு ஓலை. ஒரு பக்கத்து ஓலை உள்ளே விழுந்திருந்தது. உள்ளே ஆட்டுப் புழுக்கை. ஒரு வாரம்தான், காய்ச்சல் அடங்கினதும் லயத்துக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டேதான் அவர் மூட்டையைத் தூக்கி வந்தார். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

அந்த வீட்டைக் கட்டினவர் மாட்டு வண்டி வைத்துச் சூளையிலிருந்து செங்கல் ஏற்றினவர். வண்டிக்காரர் வீடு என்றுதான் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பெண்சாதி செத்துப்போனாள். சூளையில் வேலை குறைந்தது. மாடுகளை விற்றுவிட்டு, ஆறு மாதத்தில் வருகிறேன் என்று ஊருக்குக் கப்பல் ஏறினார். அதோடு சண்டை வந்தது, கப்பல் குறைந்தது, ஆளும் வரவில்லை. ஒரு பெண் குழந்தை உண்டு, அதைக் கிள்ளான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கிற அத்தையிடம் விட்டுவிட்டுப் போனார் என்றும் சொன்னார்கள். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று இப்போது எழுதினால் பொய்யாகிவிடும்.

இனி என் கெட்டிக்காரத்தனத்துக்கு வருகிறேன். என் அப்பா ஊரில் நிலவரி எழுதுகிற கர்ணத்தின் கணக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்தவர். நிலச் சண்டை கேட்டுக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. பன்னிரண்டு வருஷம் ஒரு நிலத்தில் தடை சொல்ல ஆளில்லாமல் இருந்து அனுபவித்து, வரி கட்டின ரசீதும் கையில் இருந்தால், அதற்குப் பிறகு எந்தக் கொம்பனும் அசைக்க முடியாது. இதை எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவனும் சொல்வான். நானும் சொன்னேன். ஓலை மாற்றி, கதவு போட்டு, வேலி கட்டி முடித்த கையோடு, வரியும் நாமே கட்டவேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. யார் வீட்டுக்கோ நாம் ஏன் வரி கட்டவேண்டும், கேட்கிற ஆள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் விடவில்லை. என் வாய்க்கு முன்னால் அவர் எப்போது நின்றிருக்கிறார்? அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு லேண்ட் ஆபீசுக்கு வந்தார். அங்கே நிலவரி வாங்குகிற கிராணி, நம் ஊர்க் குமாஸ்தா மாதிரி, பெரிய புத்தகத்தைப் புரட்டி, எங்கள் வீட்டு நிலத்தைக் கண்டுபிடித்து, சில வருஷத்துப் பாக்கி நிற்கிறது என்றார். முழுக்கக் கட்டினோம். ரசீதில் என் வீட்டுக்காரர் பெயரைப் போடச் சொன்னேன். புத்தகத்தில் இருக்கிற பெயரைத்தான் போடமுடியும் என்று வண்டிக்காரர் பெயரைப் போட்டுக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போயிற்று. நான் அதற்கும் அசரவில்லை. எங்கள் ஊரில் செத்து மூன்று தலைமுறை ஆன பாட்டன் பெயரில்தான் இன்னும் ரசீது வரும். பட்டாவில் யார் பெயர் இருந்தால் என்ன, ரசீது யார் வீட்டுப் பானைக்குள் இருக்கிறது என்பதுதானே கணக்கு! இப்படிச் சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவைத் துடைத்து அந்தக் காகிதத்தை உள்ளே வைத்தேன். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் வீட்டுச் சொந்தக்காரி என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட விட்டதில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்காத வருஷம் உண்டு, நிலவரி கட்டாத வருஷம் இல்லை. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டினோம். பின்னால் இரண்டு தென்னை வைத்தோம். ஓலைக் கூரை தகரமாயிற்று. பெரிய வெள்ளம் வந்த வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கத் தண்ணீர். விடிந்து பார்த்தால் முற்றத்தில் முழங்கால் அளவு, அடுப்பு மூட்டுவதற்குள் இடுப்பளவு. அவர் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயில்வே மேட்டுக்கு ஓடினார். நான் டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். மேட்டில் ஏறினதும் அரிசிப் பானை எங்கே என்று கேட்டார். அரிசி எனக்கு ஞாபகமே வரவில்லை. அன்றிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும், எங்க வீட்டுல பசிச்சா ரசீதைத்தான் வேகவைப்போம் என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பன்னிரண்டாவது ரசீது வாங்கின வருஷம் காலம் கெட்டுப்போயிருந்தது. ரப்பர் விலை விழுந்தது, ஈயம் விழுந்தது, ரயிலில் ஏற்றச் சரக்கு இல்லை. இஞ்சின் கொட்டகையில் ஆள் குறைத்தார்கள். இவர் பெயர் இரண்டாவது பட்டியலில் வந்தது. வேலை இல்லாதவர்களுக்கு ஊருக்குப் போகச் சர்க்காரே கப்பல் டிக்கெட் தருகிறது என்று சொன்னார்கள். லயத்தில் நாங்கள் அறிந்த பாதிப் பேர் அப்படிப் போய்விட்டார்கள். ஊரில் எங்களுக்கு என்ன இருந்தது? என் அப்பா போய்விட்டார். இவர் அண்ணன் வீட்டில் ஒரு மூலை கிடைத்தால் பெரிய காரியம். வயதுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு அந்த மூலையில் போய் நிற்பதா? கையில் சொந்தமாக ஒரு வீடு இருந்தால் புல் அறுத்தாவது இங்கேயே பிழைத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் கப்பல்தான். நிலைமை அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை.

எனக்குப் பயமில்லை. பன்னிரண்டு முடிந்துவிட்டதே! டப்பாவை எடுத்துக்கொண்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் லேண்ட் ஆபீசுக்குப் போனோம். இப்போது வேறு கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், நிதானமானவர். பன்னிரண்டு ரசீதையும் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். வீட்டை எங்கள் பெயருக்கு எழுதிக் கொடுக்கவேண்டும் என்றேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி. ஊரில அப்பிடிச் சட்டம் இருக்கலாம். இந்த நாட்டில புத்தகத்தில ஆரின்ர பேர் இருக்கோ, காணி அவருக்குத்தான். நீங்கள் நூறு வருசம் இருந்தாலும் அது மாறாது."

நான் ரசீதைக் காட்டினேன். அப்படியானால் இதெல்லாம் என்ன என்று குரலை உயர்த்திக் கேட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை.

"அதைத்தான் சொல்லவாறன். நீங்கள் கட்டாமல் விட்டிருந்தால், கவர்மெண்ட் நோட்டீஸ் ஒட்டி எப்பவோ காணியை எடுத்திருக்கும். பிறகு, குடியிருக்கிறவை எண்டு நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கே தந்திருப்பினம். வருசா வருசம் கட்டிக் கட்டி அந்த மனுசன்ர பேரை நீங்கள்தான் காப்பாத்தி வைச்சிருக்கிறீங்கள்."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். ரசீதுகளை அவரே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி டப்பாவில் போட்டார். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் வீடு வரைக்கும் வாயைத் திறக்காமல் நடந்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். வரி கட்டவேண்டாம் என்று முதல் நாளே இந்த மனுஷர் சொன்னார். கேட்டேனா?

அடுத்த வருஷம் வரி கட்டவில்லை. அதற்கடுத்த வருஷமும் கட்டவில்லை. கட்டாமல் இருப்பது எனக்குக் கட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. இவர் அம்பாங் பக்கம் துரைமார் பங்களாக்களில் புல் வெட்டப் போனார். நான் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தேன். கப்பலில் போவதற்குப் பெயர் கொடுக்கச் சொல்லி இரண்டு தடவை ஆள் வந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

ஒரு நாள் பகலில் ஆபீஸ் பியூன் வந்து வாசல் தூணில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனான். மேலே சர்க்கார் முத்திரை. அடியில் தமிழிலும் எழுதியிருந்தது. வண்டிக்காரர் பெயரைச் சொல்லி, அவரோ அவருடைய வாரிசோ குறித்த நாளுக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று இருந்தது. நான் நாள்களை எண்ண ஆரம்பித்தேன்.

கெடுவுக்கு இன்னும் பதினோரு நாள். நான் கிணற்றடியில் துணி துவைத்து, ஒரு சேலையைப் பிழிந்து கையில் வைத்திருந்தேன். தெருக் குழாயடியில் யாரோ ஒரு பெண், வண்டிக்காரர் வீடு எது என்று கேட்கிறது காதில் விழுந்தது. அந்தப் பெயரை யாரும் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. யார் வருகிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாசலுக்கு நடந்துபோய், ஈரச் சேலையைத் தூணுக்கும் வேலிக்கும் குறுக்கே, நோட்டீஸ் மறையும்படி விரித்துப் போட்டேன். கை தானாகச் செய்தது என்று சொல்லமாட்டேன். நான்தான் செய்தேன்.

வந்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. தாலி இல்லை. கிள்ளானில் பண்டமாரான் பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவள் என்றாள். அப்பா ஊருக்குப் போன மறு வருஷமே செத்துப்போன செய்தி வந்ததாம். கிராண்டும் அவர் பெட்டியோடு போய்விட்டதாம். வாசல்படியில் சேலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு இரண்டு வாழைப்பழம் கொடுத்தேன்.

"அக்கா, உங்கள எழுந்துபோகச் சொல்லி வரல. தோட்டத்துல ஆள் குறைக்கிறாங்க. என்னைக் கப்பல்ல ஏத்திவிட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு. வரி கட்டலன்னா சர்க்கார் வீட்ட எடுத்துக்கும்னு எங்க தோட்டத்துல சொன்னாங்க. அதக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

வரி கட்டியிருக்கிறதா என்று என்னைத்தான் கேட்டாள். நான் உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து அவள் முன்னால் திறந்து வைத்தேன்.

"பாரு, வருஷா வருஷம் கட்டியிருக்கேன்," என்றேன்.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. அப்பா பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். மேலே கிடந்த ரசீதில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கப்பா பேருக்கு யாரோ ஒருத்தர் இத்தனை வருஷம் கட்டியிருக்கீங்களே, நீங்க நல்லா இருப்பீங்கக்கா என்றாள். ஒரு ரசீதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். எழுத்துத் தெரியாதவளுக்கு முன்னால் நோட்டீஸை மறைத்தது வீண் என்று அப்புறம்தான் தோன்றியது. ஆனால் மறைக்காமல் இருந்திருந்தால், அது என்ன காகிதம் என்று கேட்டிருப்பாள்.

இவர் வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சேலையைக்கூட மறைக்கவில்லை. வெகுநேரம் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டு இருந்தார். கிள்ளானுக்கு ரயிலில் போனால் ஒரு பொழுதில் திரும்பிவிடலாம், போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டார்.

"சொல்லிட்டு? நம்ம மூணு பேரும் கப்பல் ஏறுறதா?" என்றேன்.

அவர் கிள்ளானுக்குப் போகவில்லை. பதினோரு நாளும் போயிற்று. யாரும் பாக்கி கட்டவில்லை. சர்க்கார் நிலத்தை எடுத்துக்கொண்டது. அந்த யாழ்ப்பாணத்துக் கிராணியே எங்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். குடியிருக்கிறவர்கள், கிணறும் தென்னையும் வைத்தவர்கள் என்று விசாரித்து எழுதினார்கள். மறு வருஷம் கிராண்டு கைக்கு வந்தது. எங்கள் பெயரை முத்திரைக்குக் கீழே பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும். பாயசம் வைத்தேன். கப்பல் ஆள் மறுபடி வந்தபோது, எங்களுக்கு இங்கே சொந்த வீடு இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அதற்கு அடுத்த வருஷம் வண்டிக்காரர் மகள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை தலையில் மூட்டை, இரண்டு பிள்ளைகள் கையிலும் ஆளுக்கொரு சட்டி. தோட்டத்தில் கணக்கு முடித்துவிட்டார்கள் என்றாள். கப்பலுக்குப் பெயர் எழுதிவிட்டார்களாம். தனக்கு இங்கே சொந்த வீடு இருக்கிறது, ஊருக்குப் போகமாட்டேன் என்று துரையிடமே சொல்லிவிட்டு வந்தாளாம். பின்னால் ஒரு அறை ஒழித்துக் கொடுத்தால் போதும், முன்கட்டில் நாங்களே இருந்துகொள்ளலாம் என்றாள். நான் வாசலில் வழிவிடாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, நம்பாமல் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தக் காகிதத்தை நீட்டினாள்.

"ரசீது இருக்குக்கா என்கிட்ட," என்றாள்.

லேண்ட் ஆபீஸ் மேசையில் பன்னிரண்டையும் பரப்பின அன்றைக்கு நான் எப்படி நின்றேனோ, அப்படியே நின்றாள். அந்தக் கிராணி எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன். ரசீது இருப்பதால் நிலம் சொந்தம் ஆகாது, வரி நின்றதால் சர்க்கார் எடுத்துக்கொண்டது, இப்போது எங்கள் பெயருக்கு எழுதிவிட்டார்கள் என்றேன். அவர் மாதிரி நிதானமாக எனக்குச் சொல்ல வரவில்லை.

"கட்டியிருக்கேன்னு சொன்னீங்களேக்கா."

"அது முந்தி. நீ வந்தப்ப ரெண்டு வருஷமாக் கட்டல. நோட்டீஸ் இந்தத் தூண்லதான் இருந்துச்சு. மேல சேலையப் போட்டு நான்தான் மறைச்சேன்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் தூணைப் பார்த்தாள். பசை காய்ந்த தடம் அப்போதும் இருந்தது. பின் அறையை எடுத்துக்கொள், வாடகை வேண்டாம், எத்தனை வருஷமானாலும் இரு என்றேன். கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டாள்.

"எங்கப்பா வீட்டுல இருக்கத்தான் வந்தேன். உங்க வீட்டுல இருக்க வரலக்கா."

ரசீதை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள். மூட்டையைத் தூக்கித் தலையில் வைக்கக்கூட என்னைக் கூப்பிடவில்லை. பெரிய பிள்ளையை ஒரு கை பிடித்துத் தூக்கிவிடச் சொன்னாள். கப்பலில் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். மேரு பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். இவர் அங்கே போய்த் தேடிவிட்டு வந்தார். இல்லை.

இப்போது வரி எங்கள் பெயரில் வருகிறது. அந்த ரசீதுகளும் அதே பிஸ்கட் டப்பாவில்தான் இருக்கின்றன. பழையதை எடுத்துப் போட்டுவிடலாமே என்று என் மகள் கேட்கிறாள். நான் விடவில்லை. வண்டிக்காரர் பெயரில் இப்போது பதினொன்றுதான் இருக்கிறது.